பேராச்சியின் தட்டுக் கணக்கு

ஒரு வேலைக்கு விலை சொல்ல வேண்டியவர் யார்? செய்கிறவரா, செய்யச் சொல்கிறவரா? கத்தரிக்காய் விற்பவன் விலை சொல்கிறான், வாங்குகிறவர் பேரம் பேசுகிறார். தையல்காரனிடமும் அப்படித்தான். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. ‘இவ்வளவு தருவேன், வருகிறாயா?’ என்று வாங்குகிறவர் கேட்கிறார். விற்கிறவள் தலையாட்டுகிறாள். இது எப்படி வழக்கமானது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தாராவியிலிருந்து மாதுங்காவுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்வந்த பேராச்சி யோசித்தாளா என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவள் போன வீடுகளில் எல்லாம் இந்தக் கேள்வி கொஞ்ச காலம் கிடந்து உறுத்தியது.

சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமானதும் பம்பாய்க்கு வந்தவள். புருஷன் வெயிலுமுத்து தாராவியில் தகர டப்பா அடிக்கும் பட்டறையில் இருந்தான். 1964இல் தகடு சரியாகக் கிடைக்காமல் பட்டறை வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடந்தது. கோலி வாடகை, அரிசி, இரண்டு பெண் பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் பேராச்சியின் பகாரில்தான் ஓடின. கோலி என்றால் அறை, பகார் என்றால் மாதச் சம்பளம். பம்பாய்க்கு வந்த எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிற இரண்டு வார்த்தைகள் அவை.

அவளை அபூர்வமான வேலைக்காரி என்று சொல்லிவிட முடியாது. அவள் கூட்டினால் அறையின் மூலைகள் தப்பித்துக்கொள்ளும். பித்தளையை நன்றாகப் பளபளக்கவைப்பாள்; இரும்புச் சட்டியை வேண்டாவெறுப்பாகத் தொடுவாள். பேச்சில் பணிவு கிடையாது. ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவாள், சொல்லாமல் நிற்க மாட்டாள். மாதுங்காவில் அதற்கே ஒரு மதிப்பு இருந்தது.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவளுக்கு நான்கு வீடுகள். எல்லாம் பாலக்காட்டிலிருந்து வந்து ஆபீஸ் உத்தியோகத்தில் நிலைத்துவிட்ட குடும்பங்கள். பெருக்கித் துடைக்க ஒரு விலை, துணிக்கு ஒரு விலை, பாத்திரத்துக்கு ஒரு விலை. பாத்திரத்துக்கு மட்டும் தலைக்கணக்கு உண்டு. நான்கு பேர் வரை ஆறு ரூபாய்; அதற்கு மேல் ஒவ்வொரு தலைக்கும் ஒரு ரூபாய். இது அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்த விதிதான். தகராறு விதியில் இல்லை. எது தலை என்பதில் இருந்தது.

ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் அனேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கிட்டு இருந்தான். பி.ஏ. முடித்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் இறங்கி, மாமா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கூடத்தில் படுத்துக்கொண்டு, காலையில் டைப்ரைட்டிங் மாலையில் சுருக்கெழுத்து என்று கற்றுக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பையன். வரும்போது ‘ரெண்டு வாரம்’ என்பார்கள். பல பேர் தங்கள் கல்யாணம் வரை அந்த ரெண்டு வாரத்திலேயே இருந்தார்கள்.

முதல் மாடியில் அம்மிணி மாமி வீட்டில் இருந்தவனுக்கு உண்மையாகவே கிட்டு என்றுதான் பெயர். மாமியின் புருஷன் வேங்கடசுப்ரமணியன் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க்; இரண்டு குழந்தைகள். கிட்டு அவருடைய அக்கா பிள்ளை. வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை, மோரியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பேராச்சி பேச்சை எடுத்தாள். மோரி என்பது சமையலறையை ஒட்டிக் குழாயும் தண்ணீர் போக ஓட்டையுமாக இருக்கும் கழுவுமிடம். அதைத் தாண்டி அவள் உள்ளே போவதில்லை. தேய்த்து வைத்ததை மாமி தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வாள்.

“மாமி, வாற மாசத்துல இருந்து ஒரு ரூவா கூட வேணும்.”

“எதுக்குடி?”

“ஆளு கூடியிருக்குல்லா.”

“எந்த ஆளு?”

பேராச்சி கையிலிருந்த தேங்காய் நாரால் கூடத்தைக் காட்டினாள். ஜன்னலோரம் கிட்டு ‘ஆட்கள் தேவை’ பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

“அவனா? அவன் விருந்தாளின்னா! வந்திருக்கான், போயிடுவான்.”

“எப்ப போவாவ?”

“வேலை கெடச்சதும்.”

“வேல கெடச்சா ஆராச்சும் பம்பாய விட்டுப் போவாவளா மாமி? அப்பத்தான நல்லா உக்காருவாவ.”

செய்தித்தாள் கிட்டுவின் முகத்துக்கு மேல் கொஞ்சம் உயர்ந்தது.

“வாயாடாதே. விருந்தாளிக்கெல்லாம் நான் காசு குடுக்க முடியாது.”

“விருந்தாளின்னா ஒங்க வீட்டுல இலையில்லா போடுவிய? இந்தத் தம்பிக்குத் தெனம் ரெண்டு வேள தட்டு விழுது. தட்டுல சாப்புட்டா வீட்டு ஆளு, இலையில சாப்புட்டா வந்த ஆளு. நான் கண்டது அதான்.”

பேராச்சி தன் பக்கத்துக்குப் பலம் சேர்ப்பதாக நினைத்துத்தான் இதைச் சொன்னாள். உண்மையில் மாமிக்கு வழி காட்டிவிட்டாள். மறுநாள் காலை கிட்டு சாப்பிட உட்கார்ந்தபோது அவனுக்கு முன்னால் ஒரு நுனி இலை விரிந்து கிடந்தது.

“என்ன அம்மாமி, இன்னிக்கு விசேஷமா?”

“விசேஷம் என்ன, சாப்பிடேன். இலையில சாப்பிட்டா ஒடம்புக்கு நல்லது.”

அன்று இரவும் இலை, அடுத்த நாளும் இலை. வேங்கடசுப்ரமணியன் நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்வந்த பிறகு வாயைத் திறந்தார்.

“ஒரு மாசத்துக்கு இலை என்ன ஆகும்னு கணக்குப் போட்டியோ? நாலு ரூபாய்க்குக் கொறையாது.”

“தெரியும்.”

“அவ கேட்டது ஒரு ரூபாய்.”

“தெரியும்னா. இலைக்காரனுக்கு நாலு ரூபாய் குடுக்கறேன், அவன் என்னைக் கேள்வி கேக்கறதில்லை. இவளுக்கு ஒரு ரூபாயைக் குடுத்தா, எங்காத்துல யார் மனுஷா, யார் விருந்தாளின்னு அவ தீர்மானம் பண்ணினதா ஆயிடும்.”

அவர் ஆபீசில் முப்பது பேரை மேய்ப்பவர். ஆனாலும் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். மாமி சொன்னதை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ரூபாய் ஒன்றானாலும் விலை யார் வாயிலிருந்து வருகிறது என்பதைத்தான் அவளும் பார்த்தாள். அந்த அளவில் அவளும் பேராச்சியும் ஒரே விஷயத்துக்காகத்தான் மல்லுக்கு நின்றார்கள்.

இலையால் இன்னொரு சங்கடம் வந்தது. அதை எடுப்பது யார்? பேராச்சி கேட்காமலே சொல்லிவிட்டாள்: “நான் பாத்திரத்துக்கு வாறவ மாமி. இல நம்ம பேச்சுல இல்ல.” விருந்தாளி தன் இலையைத் தானே எடுப்பது முறையில்லை. ஆகவே மாமியே தினம் இரண்டு வேளையும் குனிந்து இலை எடுத்து, எச்சில் பட்ட இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கிட்டு ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

“நேக்குத் தட்டே போரும் அம்மாமி.”

“நீ சும்மா இருடா. நோக்கு ஒண்ணும் தெரியாது.”

அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. கூடத்தில் நான்கு தட்டுகளின் வரிசையில் ஓர் இலைக்கு முன் தினம் உட்காருகிறவனுக்குத் தெரியாமல் போகாது.

பேராச்சி பின்வாங்கவில்லை. விஷயத்தைப் பெரிதாக்கினாள். கட்டடத்தில் மற்ற மூன்று வீடுகளிலும் தட்டுகளை எண்ணி, யார் யார் கூட என்று சொல்லி, ஐப்பசியிலிருந்து தட்டுக் கணக்கு என்று அறிவித்துவிட்டாள். இதைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், அவசரம் என்றும் சொல்லலாம். ஒரு வீட்டோடு நின்றிருந்தால் தகராறு மாமியோடு முடிந்திருக்கும். இப்போது எல்லா மாமிகளும் ஒன்று சேரக் காரணம் கிடைத்தது.

சேருவதற்கு இடமும் இருந்தது. நவராத்திரி. அம்மிணி மாமி வீட்டில் ஏழு படிக் கொலு. சுண்டல் கையில் ஏறியதும் பேச்சு பேராச்சியிடம் வந்தது. கீழ்வீட்டு மாமிக்கு ஒரு மச்சினன், எதிர்வீட்டு மாமிக்கு இரண்டு மருமான்கள். ஒத்துக்கொண்டால் எல்லோருக்கும் செலவு.

“இன்னிக்குத் தட்டு எண்ணுவள், நாளைக்கு ஸ்பூன் எண்ணுவள்,” என்றாள் கீழ்வீட்டு மாமி.

மூன்றாம் மாடி ஷ்யாமளா மட்டும் மாற்றிச் சொன்னாள். அங்கே இருந்தவர்களில் இளையவள், காலேஜில் படித்தவள். புருஷனுக்கு ஒரு கம்பெனியில் நல்ல பதவி. “பாவம், ஒரு ரூபாய்தானே மாமி. கொடுத்துட்டுப் போகலாமே.”

“நீ குடேன். ஒங்காத்துல மூணு பேர்தானே? புண்ணியம் சம்பாதிக்கச் சுலபமா இருக்கு,” என்றாள் அம்மிணி மாமி. எல்லோரும் சிரித்தார்கள். ஷ்யாமளா சுண்டலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை, பேராச்சி கடைசிக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாமி வந்து நின்றாள்.

“நாங்க எல்லாரும் பேசிட்டோம். பழைய ரேட்தான். தீபாவளிக்கு வழக்கம்போல ஒரு மாசப் பகார், ஒரு பொடவை. இஷ்டம்னா இரு, இல்லேன்னா ஒம்பாடு.”

தீபாவளிக்கு இரண்டரை வாரம் இருந்தது. நான்கு வீட்டிலும் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக வரும் சமயம். அதை விட்டுவிட்டு எவளும் நிற்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் மாமி அந்த நாளைத் தேர்ந்தாள்.

“சரி மாமி,” என்றாள் பேராச்சி. “கையக் கழுவிட்டுப் போறேன். இன்னி வரைக்கும் உள்ளத எடுத்து வையிங்க.”

கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதையே சொன்னாள். ஷ்யாமளா வீட்டில் தகராறு இல்லை. அந்த ஒரு வீடு மட்டும் மிஞ்சியது.

பட்டறை மூடியிருந்த நாள் அது. வெயிலுமுத்து கோலி வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பீடியைக் கீழே தேய்த்தான்.

“ஏளா, ஒனக்குக் கிறுக்கா? ஒரு ரூவாய்க்கா மூணு வீட்ட விட்டுட்டு வந்து நிக்க? தீவாளி வருது.”

“அவியளுக்கும் வருதுல்லா. முறுக்குச் சட்டியும் எண்ணெச் சட்டியுமாக் குமியும். ஆரு தேப்பா?”

“வேற ஆளா இல்ல பம்பாயில?”

“ஆளு இருக்கு. வந்து ஆறு ரூவாய்க்குத் தேக்கட்டும், பாப்பம். நீரு டப்பா அடிக்கியரு. எட்டு டப்பாவ மொதலாளி ஆறுன்னு சொன்னா நீரு சும்மா இருப்பீரா?”

“இருந்திருக்கேனே,” என்றான் வெயிலுமுத்து.

பேராச்சி எழுந்தாள். அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். மறுநாள் தன் தோட்டைக் கழற்றி சேட்டுக் கடையில் வைத்து அந்த மாத வாடகையைக் கட்டினாள். காதுத் துளையில் ஈர்க்குக் குச்சி. தண்ணீர்க் குழாயடியில் பேகம் என்ற பக்கத்துக் கோலிக்காரி அதைப் பார்த்துவிட்டு, “தோட்ட வித்து மாமிமாருக்குப் புது வளையல் வாங்கிக் குடுத்தியா பேராச்சி?” என்று கேட்டாள். “ஆமா, கைக்குப் பத்தல, கால்லயும் போடணுமாம்,” என்று பேராச்சி குடத்தைத் தூக்கினாள்.

நான்காம் நாள் இசக்கி வந்தாள். வெயிலுமுத்துவின் தம்பி பெண்டாட்டி; ஆண்டாப் ஹில்லில் குடியிருப்பு. ஒரு வருஷமாக வீட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். உட்காராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யக்கா, அந்த அம்மிணி மாமி பால்காரர்ட்ட சொல்லி என்னய வரச் சொல்லியிருக்காவ.”

ஒருத்தி வேலை பார்த்த வீட்டில் அவளைக் கேட்காமல் இன்னொருத்தி கை வைப்பதில்லை. இது அந்தப் பெண்களிடையே கட்டாயமாக இருந்தது. கேட்க வந்ததே இசக்கிக்குப் பெரிய காரியம். கூடாது என்று பேராச்சி சொல்லியிருந்தால் அவள் திரும்பியிருப்பாள், மனதில் ஒரு வடுவோடு.

“போயேன்,” என்றாள் பேராச்சி.

“என்னக்கா, கோவமா?”

“கோவம் என்னத்துக்கு? நீயும் பிள்ளையும் சாப்புடணும்லா. போ. ஆனா தட்டுக்கு ஒரு ரூவா கேளு. அதுக்குக் கொறஞ்சு கேட்டா நீ என் வீட்டப் பிடுங்கினவ. கேட்டுக் குடுத்தாவன்னா அது ஒன் வீடு, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

“எச்சிப் பாத்திரத்த வெளிய வச்சு, தண்ணி தெளிச்சுல்லா எடுப்பாவளாம்?”

“அவிய தெளிக்க தண்ணிக்கு நாம காசு கேக்கல ஏட்டி. நாம தேய்க்க தட்டுக்குத்தான் கேக்கோம்.”

மறுநாள் இசக்கி மாதுங்காவுக்குப் போனாள். மோரியில் பல நாள் பாத்திரம் குவிந்திருந்தது. அம்மிணி மாமி ஒரு தம்ளரில் காப்பியே கொடுத்துவிட்டாள். காப்பி நன்றாக இருந்தது என்று இசக்கி பின்னால் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீ என்ன கேக்கறே?” என்றாள் மாமி.

“நாலு பேருக்கு ஆறு ரூவா. அதுக்கு மேல தட்டுக்கு ஒண்ணு.”

மாமி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஒங்க ஊர்க்காரா எல்லாரும் ஒரே பள்ளிக்கூடமா?”

“பள்ளிக்கூடமா? அங்க எங்க மாமி எங்கள விட்டாவ?”

“அஞ்சு பேருக்கு ஆறு ரூபாய். காப்பி தினம் தரேன்.”

இசக்கி மோரியைப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தேடிய வேலை அங்கே குவிந்து கிடந்தது. இன்றைக்குப் பேராச்சியைக் கழித்தவர்கள் நாளைக்குத் தன்னைக் கழிக்க ஐந்து ரூபாய்க்காரியைத் தேட மாட்டார்களா என்று தோன்றியதாகப் பிறகு சொன்னாள். அன்று மாமியிடம் சொன்னது ஒன்றுதான்: “காப்பி எங்க வீட்டுலயும் போடுவோம் மாமி.”

அதற்குள் கட்டடத்தில் களை குறைய ஆரம்பித்திருந்தது. கீழ்வீட்டு மாமிக்குக் கையில் சாம்பல் பட்டுப் புண். எதிர்வீட்டில் மருமான்கள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவினார்கள், அதுவும் மோசமாக. இருந்தாலும் மூன்று பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தாராவியில் அரிசிப் பானை அடி தெரிந்தது. பேராச்சி காட்கோபர் வரைக்கும் நடந்து இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தாள், ஆள் இருந்தது.

அந்த நாட்களில் ஷ்யாமளா ஒருத்தியின் பணம்தான் வந்தது. அவள் பேசியதற்கு மேலேயே கொடுத்தாள். பாத்திரம் தேய்த்து முடித்ததும் ஐந்து ரூபாய் நோட்டை நீட்டி, “இது கணக்குல வராது, வெச்சுக்கோ. அவா எப்படி வேணா இருக்கட்டும், நான் ஒன் பக்கம்,” என்றாள். பேராச்சி வாங்கிக்கொண்டாள். அரிசி வாங்க அது உதவியது. வேண்டாம் என்று சொல்லிப் பெருமை கொண்டாடும் நிலையில் அவள் இல்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, கிட்டுவின் அம்மா மீனாட்சியம்மாள் பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கினாள். நேந்திரங்காய் வறுவல் ஒரு மூட்டை, பலாப்பழத்தில் கிண்டிய சக்கை வரட்டி ஒரு டின். குளித்துவிட்டுச் சாப்பிட வந்தாள். அவளுக்கு இலை போட்டிருந்தது. தம்பிக்கும் குழந்தைகளுக்கும் தட்டு. அந்தப் பக்கம் பிள்ளைக்கு இலை. உட்காரப்போனவள் நிமிர்ந்தாள்.

“எனக்கு இலை போட்டது சரி, நான் வந்தவ. கிட்டுவுக்கு எதுக்கு இலை?”

“அவனுக்கு தினமும் இலைதான் அக்கா,” என்றாள் அம்மிணி மாமி. “ஒரு மரியாதைக்கு.”

“தினமுமா?” மீனாட்சியம்மாள் தம்பியைப் பார்த்தாள். “மணி, பெத்த பிள்ளையாட்டம் பாத்துக்கறேன்னு சொல்லித்தானே அழைச்சிண்டு வந்தே? ஆறேழு மாசமா ஆத்துல இருக்கற கொழந்தையை விருந்தாளியா உக்காத்தி வெச்சிருக்கேளே. என்னிக்குடா கெளம்பறேன்னு கேக்கறதை வாயால கேட்டுடலாமே? தட்டு இல்லேன்னா சொல்லியிருக்கப்படாதோ, நான் ஒண்ணு கொண்டு வந்திருப்பேன்.”

அம்மிணி மாமியின் முகம் வெளுத்தது. நாத்தனார் நினைப்பது போல இல்லை என்று சொல்லலாம். ஆனால் நிஜக் காரணத்தைச் சொன்னால் அது இதைவிடக் கேவலமாக இருக்கும். வேலைக்காரிக்கு ஒரு ரூபாய் கொடுக்காமல் இருக்க உங்கள் பிள்ளையை விருந்தாளியாக்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? கிட்டு குனிந்து தரையைப் பார்த்தான். வேங்கடசுப்ரமணியன் எழுந்தார். சமையலறைக்குள் போனார். மேல் பலகையிலிருந்து கிட்டுவின் எவர்சில்வர் தட்டை எடுத்துத் தானே கழுவிக்கொண்டு வந்து, இலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைத்தார்.

“சாதம் போடு,” என்றார் மாமியிடம்.

மறுநாள் காலை தாராவிக் கோலி வாசலில் கிட்டு வந்து நின்றான். வழி கேட்டுக் கேட்டு வந்ததில் செருப்பெல்லாம் சேறு.

“அக்கா, அம்மாமி ஒங்களை வரச் சொன்னா.”

பேராச்சி முறத்தைக் கீழே வைக்கவில்லை. “ஆரு வந்திருக்கது? விருந்தாளியா?”

“இல்லை,” என்றான் கிட்டு. சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவனுக்கு. “தட்டு வந்துடுத்து.”

அன்று மோரியருகில் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

“ஏழு ரூபாய். போருமா? மனசு குளிர்ந்ததா?” என்றாள் மாமி.

“என் மனசு குளிர்ந்து என்ன மாமி, தண்ணிதான் குளிருது. அந்த முறுக்குச் சட்டிய எடுங்க.”

“எங்க நாத்தனார் பத்து நாள் இருப்பா. அதுக்கும் கேப்பியா?”

“அவிய இலையிலதான சாப்புடுதாவ? வந்தவியளுக்கு நான் கணக்கு வைக்க மாட்டேன்.”

அம்மிணி மாமி ஒத்துக்கொண்டது தெரிந்ததும் கீழ்வீடும் எதிர்வீடும் அன்று மாலைக்குள் ஆள் அனுப்பின. தீபாவளிப் பகாரும் புடவையும் மூன்று வீட்டிலும் குறையாமல் வந்தன. தோடு காதுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டுக்குள் அந்தச் சந்தில் மற்றக் கட்டடங்களிலும் தட்டுக் கணக்கு பரவிவிட்டது. இசக்கி போன்றவர்கள் அதையே சொல்லி வீடு பிடித்தார்கள்.

இதைப் பேராச்சியின் வெற்றி என்று முழுவதுமாக எழுதிவிடத் தயக்கமாக இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து ஒரு தாய் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் சொன்னதிலேயே நின்றிருப்பாள் என்று இசக்கி அடித்துச் சொன்னாள். இன்னும் ஒரு வாரம், அப்புறம் பழைய ரேட்டுக்கே போயிருப்பாள் என்று வெயிலுமுத்து சொன்னான். இரண்டு பேருமே அவளை நன்றாக அறிந்தவர்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: மீனாட்சியம்மாள் வந்த அன்று பேராச்சி தன் விலையைக் குறைக்காமல் வைத்திருந்தாள். குறைத்திருந்தால் கிட்டுவுக்கு என்றைக்கோ தட்டு திரும்பியிருக்கும், கேட்க ஒன்றும் இருந்திருக்காது.

தீபாவளி கழிந்தது. ஷ்யாமளா தீபாவளிக்கு மற்றவர்களைவிட நல்ல புடவையாக எடுத்திருந்தாள். சம்பளத்தையும் அவளாகவே மாற்றினாள். “மூணு பேர், நாலு பேர்னு எங்கிட்ட என்ன கணக்கு? எனக்குத் தட்டெல்லாம் எண்ண வேண்டாம். இனிமே மாசம் பத்து ரூபாய், நீ கேக்கவே வேண்டாம்,” என்றாள். பேராச்சி கேட்டிருக்கக்கூடியது ஆறு.

டிசம்பர் முதல் தேதி காலை, பேராச்சி மூன்றாம் மாடியில் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, நாளையில இருந்து இசக்கி வருவா. சொல்லியிருக்கேன். நல்லாத் தேய்ப்பா.”

ஷ்யாமளாவுக்குப் புரியவில்லை. “ஏன்? நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்லம்மா.”

“பணம் போறலையா?”

“அது நெறைய.”

“மாடி ஏற முடியலையா? சொன்னா ரெண்டு நாளைக்கு ஒருதரம் வா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இசக்கிக்கு ஆறு ரூவா குடுங்க, போதும்.”

ஷ்யாமளாவின் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் எதிர்த்தபோது தான் ஒருத்தி நின்றதை அவள் மறக்கவில்லை; பேராச்சியும் மறந்திருக்க நியாயமில்லை. கட்டடத்தில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். படி அதிகம் என்றார்கள். ஷ்யாமளா ஓயாமல் பேசுகிறாள் என்றார்கள். ஓரகத்திக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுக்கத்தான் என்றாள் கீழ்வீட்டு மாமி. அப்படியானால் ஏன் பத்து ரூபாய் வீட்டை விட வேண்டும், தன்னோடு தினம் மல்லுக்கு நிற்கும் ஏழு ரூபாய் வீட்டையல்லவா விட்டிருக்க வேண்டும் என்று அம்மிணி மாமியே கேட்டாள்.

இசக்கி நேராகக் கேட்டுப் பார்த்தாள். இருவரும் வேலை முடிந்து தாராவிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

“யக்கா, அந்த அம்மா தங்கமான மனுசியாச்சே?”

“ஆமா, தங்கந்தான்.”

“பொறவு ஏன்?”

பேராச்சி புடவை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, “வெரசா நட, தண்ணி நின்னுரும்,” என்றாள்.

அவள் அம்மிணி மாமி வீட்டில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வேலை பார்த்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் பேராச்சி விலை சொன்னாள், மாமி பேரம் பேசினாள், ஒவ்வொரு முறையும் சண்டை வந்தது. ஷ்யாமளா இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்; இரண்டு தடவையும் விலையை அவளே சொல்லியனுப்பியிருந்தாள். பேராச்சி வேலைக்காக மூன்றாம் மாடிப் படி ஏறவேயில்லை.